அமெரிக்க தேசிய அரசாங்கம்: கல்லூரியின் முதல்நிலைப் பாடத்தை ஆன்லைனில் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் டெக்சஸுக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். நான் ஆன்லைனில் எடுத்த முதல் கோர்ஸ் இதுதான். அதன்பிறகு இதே கோர்ஸை எடுக்கும் தமிழ் மாணவர்களுக்கும், என்னைப்போல நடுவயதில் மறுபடி படிக்க வருபவர்களுக்கும் மாலை வேளைகளில் உதவி வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் நர்சிங் படிக்க வந்தவள். அரசாங்கப் பாடம் எனக்கு எதற்கு?

பல மாநிலங்களில் பட்டம் வாங்க இது கட்டாயம். டெக்சஸில் அரசுக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற 6 கிரெடிட் அரசாங்கப் பாடம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதில் பாதி 2305 என்ற எண்ணுள்ள ஃபெடரல் கவர்மென்ட், மீதி டெக்சஸ் கவர்மென்ட். ஃபுளோரிடாவில் 2041, ஜார்ஜியாவில் 1101 என்று எண்ணும் பெயரும் கொஞ்சம் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே: அரசியலமைப்பு, கூட்டாட்சி, குடியுரிமைச் சுதந்திரங்கள், காங்கிரஸ் (பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்), குடியரசுத் தலைவர், அதிகார வர்க்கம், நீதிமன்றங்கள், கட்சிகள், தேர்தல்கள்.

கட்டாயம் என்பதற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன். உங்கள் விசா எத்தனை வருடம், உங்கள் பிள்ளைக்கு எந்தப் பள்ளி, நீங்கள் வேலை பார்க்கப் போகும் மருத்துவமனைக்கு மெடிக்கேர் என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டின் பணம் எப்படி வருகிறது என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்பது இந்தப் பாடத்தில்தான் புரியும். ஓட்டுப் போட முடியாதவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை.

ஆன்லைனில் எடுத்தால் சுலபமாக முடிந்துவிடுமா?

முடியாது. 3 கிரெடிட் என்றால் வகுப்பு 3 மணி நேரம், வீட்டில் படிக்க 6 மணி நேரம், ஆக வாரம் 9 மணி நேரம் என்று கல்லூரிகள் கணக்குப் போடுகின்றன. ஆன்லைனில் வகுப்பு மணி அடிக்காதே தவிர அந்த 9 மணி நேரம் குறையாது. 16 வாரக் கோர்ஸை 8 வாரத்தில் எடுத்தால் வாரம் 18 மணி நேரம் ஆகிவிடும். குளிர்கால விடுமுறையில் சில கல்லூரிகள் இதையே மூன்று, நான்கு வாரத்தில் நடத்துகின்றன. வேறு வேலை எதுவும் இல்லாதவர்கள்தான் அதைத் தொட வேண்டும். இந்தப் பாடத்துக்கு நிறைய வாசிப்பு. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்கள் முதல் முறை 16 வாரத்தையே எடுங்கள்.

வாரம் எப்படிப் போகும்?

கேன்வாஸ், பிளாக்போர்டு, பிரைட்ஸ்பேஸ் மாதிரி ஒரு தளத்தில் எல்லாம் இருக்கும். ‘அசிங்க்ரனஸ்’ என்று போட்டிருந்தால் உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம். ‘சிங்க்ரனஸ்’ என்றால் குறித்த நேரத்தில் ஜூமில் உட்கார வேண்டும். பதிவு செய்யும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஓர் அத்தியாயம், ஒரு வீடியோ, ஒரு க்விஸ், ஒரு டிஸ்கஷன் இருக்கும். டிஸ்கஷனில் உங்கள் பதிவு வாரத்தின் நடுவிலும், மற்றவர்களுக்கான பதில்கள் ஞாயிறு இரவு 11:59-க்குள்ளும் என்று வைப்பது வழக்கம்.

அந்த 11:59 கல்லூரி இருக்கும் இடத்து நேரம். கோடையில் ஊருக்குப் போய் அங்கிருந்தே படிப்பவர்கள் இதில் தவறுகிறார்கள். டெக்சஸில் கோடைக்கால ஞாயிறு இரவு 11:59 என்பது இந்தியாவில் திங்கள் காலை 10:29.

இன்னொன்று. தளத்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வெளியே வந்தால் வருகை ஆகாது. மத்திய அரசின் கல்வி உதவித்தொகை விதிகளில் லாகின் செய்வது மட்டும் பங்கேற்பாகக் கணக்கில் வராது. க்விஸ் எழுதியிருக்க வேண்டும், அசைன்மென்ட் கொடுத்திருக்க வேண்டும், அல்லது டிஸ்கஷனில் எழுதியிருக்க வேண்டும். முதல் வாரத்தில் ‘சிலபஸ் க்விஸ்’ என்று ஒன்று இருந்தால் அதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

இந்தியாவில் குடிமையியல் நன்றாகப் படித்திருக்கிறேன். அது போதுமா?

அதுதான் உதவியும் தடையும். நான் பார்த்தவரை நம்மவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் கட்டுரையில், குடியரசுத் தலைவரின் முக்கிய மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் தோற்றால் அரசு கவிழும் என்று எழுதிவிட்டேன். ஒரு நொடிகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஓரத்தில் புரொபசர் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘இதை அரசியலமைப்பில் எந்தப் பிரிவில் பார்த்தீர்கள்?’ அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அரசியலமைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பிரிவிலிருந்து தேடினேன். இல்லை. அப்படி ஒரு விஷயமே அதில் இல்லை. நான் பள்ளியில் படித்த நாடாளுமன்றத்தை இங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அமெரிக்காவில் அரசு கவிழாது. குடியரசுத் தலைவரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் எலெக்டோரல் காலேஜ் என்ற தேர்வாளர் குழு வழியாக: மொத்தம் 538 ஓட்டு, ஜெயிக்க 270. சபையின் நம்பிக்கை அவருக்குத் தேவையில்லை. அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவும் முடியாது. அரசியலமைப்பின் முதல் பிரிவே அதைத் தடுக்கிறது. பட்ஜெட் நிறைவேறாவிட்டால் டெல்லியில் ஆட்சி போகும். வாஷிங்டனில் ஆட்சி அப்படியே இருக்க, அலுவலகங்கள் மூடப்படும். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள், 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் அப்படி மூடிக் கிடந்தன.

கட்சிக் கட்டுப்பாடும் வேறு மாதிரி. நம் ஊரில் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு செனட்டர் தன் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் அதே இருக்கையில் உட்காரலாம். அதனால்தான் ஒவ்வொரு மசோதாவுக்கும் தலை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

மாநிலங்கள் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் ஆழம். நமக்கு ஆளுநர் என்றால் மத்திய அரசு அனுப்பும் ஆள். இங்கே கவர்னரை அந்த மாநில மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் நம் முதலமைச்சரைப் போன்றவர். இந்தியாவில் பட்டியல்களில் இல்லாத எஞ்சிய அதிகாரம் மத்திய அரசுக்கு. இங்கே 10-ஆவது திருத்தத்தின்படி மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு. மாநில எல்லைகளை மாற்ற இந்திய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க அந்த மாநிலச் சட்டமன்றமே சம்மதிக்க வேண்டும். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31 என்று மக்கள்தொகையை ஒட்டி இடங்கள் உண்டு. அமெரிக்க செனட்டில் மாநிலத்துக்கு இரண்டுதான்: ஏறக்குறைய 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு, 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு.

தேர்தல் ஆணையத்தைத் தேடாதீர்கள். வாக்குப்பதிவை நடத்துபவை மாநிலங்களும், அவற்றுக்குள் நம் மாவட்டம் போல இருக்கும் கவுன்ட்டிகளும். ஃபெடரல் எலெக்ஷன் கமிஷன் என்ற பெயரில் இருப்பது பிரசாரப் பணத்தை மட்டும் கவனிக்கிறது. இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ‘தேர்தல் ஆணையம் தேர்தலை நடத்துகிறது’ என்று எழுதிய மாணவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

இதற்கு நான் சொல்லும் வழி எளியது. நோட்டின் ஒரு பக்கத்தை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் ‘அங்கே’, வலப்பக்கம் ‘இங்கே’. ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் நான்கு வரி எழுதுங்கள். தேர்வுக்கு முன்னால் அந்தப் பக்கங்களைப் புரட்டினாலே போதும்.

ஆங்கிலம் தெரியும், ஆனாலும் சொற்கள் குழப்புகின்றன. ஏன்?

தெரிந்த சொல்லே வேறு பொருளில் வருவதால். ‘செக்ரட்டரி’ என்றதும் நமக்கு ஐஏஎஸ் அதிகாரி நினைவுக்கு வருவார். இங்கே அவர் அமைச்சர். ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ வெளியுறவு அமைச்சர், ஆனால் ஒரு மாநிலத்தில் அதே பெயரில் இருப்பவர் வேறு ஆள், பல மாநிலங்களில் தேர்தல் வேலைகளைப் பார்ப்பவர். ‘ஆர்டினன்ஸ்’ என்றால் நமக்கு அவசரச் சட்டம், இங்கே நகராட்சி போடும் சட்டம். ‘ஸ்பீக்கர்’ நம் சபாநாயகர் மாதிரி நடுநிலை காக்க வேண்டியவர் அல்ல, பெரும்பான்மைக் கட்சியின் தலைவராகவே செயல்படுபவர். ‘ரெட்’ என்றால் இடதுசாரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தேர்தல் வரைபடத்தில் அது குடியரசுக் கட்சியின் நிறம்.

‘இம்பீச்மென்ட்’ தனியாகக் கவனிக்க வேண்டியது. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுவதே இம்பீச்மென்ட். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட், நீக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868-இல், கிளின்டன் 1998-இல், டிரம்ப் 2019-இலும் 2021-இலும் இம்பீச் செய்யப்பட்டார்கள். செனட் இந்தக் குடியரசுத் தலைவர்களில் யாரையும் குற்றவாளி என்று தீர்மானிக்கவில்லை. ‘இம்பீச் ஆனார், ஆனால் நீக்கப்படவில்லை’ என்ற வாக்கியம் முரண்பாடு இல்லாமல் உங்களுக்குக் கேட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வழக்குகள் ஏராளம். எப்படி நினைவில் வைப்பது?

பெயரையும் வருடத்தையும் மட்டும் உருப்போட்டால் இரண்டு நாளில் மறந்துவிடும். ஒவ்வொரு வழக்கிலும் ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபுளோரிடா சிறையில் இருந்த கிடியன் என்ற ஏழைக் கைதி, வக்கீல் வைக்கப் பணமில்லாமல் தானே வாதாடித் தோற்றவர், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-இல் நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். பெருங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க முடியாதவருக்கு மாநிலம் வக்கீல் கொடுத்தாக வேண்டும் என்ற விதி அதிலிருந்து வந்தது. அந்தப் பென்சிலை நினைத்தால் வக்கீல் உரிமை தரும் 6-ஆவது திருத்தமும், அதை மாநிலங்களுக்கும் பொருத்தும் 14-ஆவது திருத்தமும் தானாக வரும். அயோவாவில் 13 வயதுச் சிறுமி வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி கட்டிப் பள்ளிக்குப் போனாள். அது 1969-இன் டிங்கர் வழக்கு, மாணவர்களின் பேச்சுரிமை.

நம் காதுக்கு நெருக்கமான பெயர் ஒன்றும் உண்டு: சாதா. கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து, விசா முடிந்த பிறகும் தங்கிவிட்டவர். குடிவரவு நீதிபதி அவர் நாடுகடத்தலை நிறுத்தி வைத்தார். பிரதிநிதிகள் சபை தனியாக ஒரு தீர்மானம் போட்டு அதை ரத்து செய்தது. ஒரே ஒரு சபை, குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் இல்லாமல், அப்படிச் செய்யலாமா? கூடாது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏராளமான சட்டங்களில் இருந்த ‘லெஜிஸ்லேட்டிவ் வீட்டோ’ என்ற ஏற்பாடு அந்தத் தீர்ப்போடு செல்லாமல் போனது. ஒரு விசா கோப்பு அதிகாரப் பகிர்வின் அடிப்படைப் பாடமாக மாறியது. அந்த வாரம் படித்ததை என்னால் மறக்கவே முடியாது, எங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படிப்பட்ட கோப்பு ஒன்று இருந்தது.

சிலபஸில் இல்லாவிட்டாலும் பகத் சிங் திந்த் வழக்கையும் படியுங்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பஞ்சாபியர். 1923-இல் உச்ச நீதிமன்றம், அவர் சட்டத்தின் கண்ணில் ‘வெள்ளையர்’ அல்லர், அதனால் குடியுரிமை இல்லை என்றது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946-இல் ஒரு சட்டம் வழி திறந்தது. பத்தே ஆண்டில், 1956-இல், தலீப் சிங் சவுந்த் கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 1965-இன் குடிவரவுச் சட்டம் இல்லையென்றால் நம்மில் பெரும்பாலோர் இங்கே இருக்க மாட்டோம். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் சபையில் உறுப்பினராக அமர்வதும், தமிழ்த் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் 2021-இல் துணைக் குடியரசுத் தலைவரானதும் அந்த வரிசையில் வருபவை.

கட்டாயம் தெரிய வேண்டியவை என்றால், நீதிமன்றம் சட்டத்தையே செல்லாதது என்று அறிவிக்கலாம் என்ற 1803-இன் மார்பரி வழக்கு, மத்திய அரசின் வங்கிக்கு மாநிலம் வரி போட முடியாது என்ற 1819-இன் மெக்கலக் வழக்கு, இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லும் என்ற 1896-இன் பிளெஸ்ஸி, பள்ளிகளில் அது கூடாது என்று அதைக் கவிழ்த்த 1954-இன் பிரவுன். இந்த நான்கும் இல்லாமல் ஒரு தேர்வும் நான் பார்த்ததில்லை.

ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் ஒரு வரிகூடப் புரியவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அரசியலமைப்பை ஏற்கச் சொல்லி அந்தக் காலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் இவை. மொத்தம் 85 இருந்தாலும் பெரும்பாலும் கேட்கப்படுவது 10-உம் 51-உம்தான், இரண்டும் மேடிசன் எழுதியவை என்றே கொள்ளப்படுகின்றன. 10-ஆவது கட்டுரையின் சாரம்: கோஷ்டி என்பது மனித இயல்பு, அதை ஒழிக்கப் போனால் சுதந்திரமும் சேர்ந்து போகும், நாடு பெரிதாக இருந்தால் எந்த ஒரு கோஷ்டியும் எல்லாரையும் அடக்க முடியாது. 51: ஒருவருடைய பதவி ஆசையை இன்னொருவருடைய பதவி ஆசையைக் கொண்டே கட்டிப்போடு. முதலில் இந்தச் சாரத்தைத் தமிழில் மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு மூலத்தைச் சத்தமாக வாசியுங்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகும். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

டிஸ்கஷனில் என்ன எழுதுவது? என் கட்சி எதுவென்று தெரிந்தால் மார்க் குறையுமா?

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. நான் படித்தவர்களிடம் கருத்துக்காக மார்க் குறைந்ததில்லை, ஆதாரம் இல்லாததற்காகக் குறைந்திருக்கிறது. ‘எலெக்டோரல் காலேஜ் அநியாயம்’ என்பது வெறும் கருத்து. ‘2000-த்திலும் 2016-இலும் நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றார், ஆனால் இந்த முறையை மாற்ற அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும், அதற்கு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்ப வேண்டும், சிறிய மாநிலங்கள் ஏன் ஒப்பும்?’ என்பது பதில். பிறருக்கு எழுதும்போது ‘அருமை, நானும் அதையே நினைத்தேன்’ என்று முடிக்காதீர்கள். அவர் சொன்னதில் ஒரு புள்ளியை எடுத்து, புத்தகத்தின் ஒரு வரியை வைத்துக் கேள்வி கேளுங்கள்.

இந்தியாவோடு ஒப்பிட்டு எழுதத் தயங்காதீர்கள். வகுப்பில் வேறு யாராலும் அதைத் தர முடியாது. நான் ஆளுநர் பதவியை ஒப்பிட்டு எழுதிய பதிவுக்குக் கீழே ஒன்பது பேர் கேள்வி கேட்டிருந்தார்கள்.

ஏஐ-யை வைத்து எழுதலாமா?

சிலபஸ் என்ன சொல்கிறதோ அதுதான் விதி, கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும். தமிழில் யோசித்துக் குறிப்பெடுத்து, ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள். இலக்கணம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை. கூகுள் டாக்ஸில் எழுதினால் நீங்கள் எழுதிய வரலாறு அதிலேயே பதிந்திருக்கும், யாராவது சந்தேகப்பட்டால் காட்டலாம்.

புத்தகத்துக்கு நிறையச் செலவாகுமா?

பல கோர்ஸ்களில் செலவே இல்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ், அமெரிக்க அரசாங்கம் பற்றிய கல்லூரிப் பாடநூலை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. பதிவு செய்யும் பக்கத்தில் ‘ஓஇஆர்’ (இலவசத் திறந்த பாடநூல்) என்றோ பாடநூல் செலவில்லை என்றோ குறித்த பிரிவைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆக்ஸஸ் கோட்’ கட்டாயம் என்றால் பழைய புத்தகம் வாங்கிப் பயனில்லை, க்விஸ் அந்த ஆக்ஸஸ் கோட் போட்டால்தான் திறக்கும் தளத்துக்குள் இருக்கும்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா?

பெரும்பாலும் ஆம், கேமரா முன்னால், வேறு பக்கம் எதையும் திறக்கவிடாத லாக்டவுன் பிரவுசரில். ஆபீஸ் லேப்டாப்பில் அதை நிறுவ அனுமதி இருக்காது. மாதிரித் தேர்வு இருந்தால் இரண்டு நாள் முன்பே எழுதிப் பாருங்கள். சில கோர்ஸ்கள் தேர்வு மையத்துக்கு நேரில் வரச் சொல்லும், அதுவும் சிலபஸில் இருக்கும்.

நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறேன். ஆன்லைனில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எண்ணிக் கொள்ளுங்கள். முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் ஆன்லைன் கோர்ஸ் அல்லது 3 கிரெடிட் மட்டுமே சேரும். இளங்கலையில் 12 கிரெடிட் வேண்டும் என்றால் 9 நேரில் இருக்க வேண்டும். பட்டம் முடிக்க ஒரே ஒரு கோர்ஸ்தான் பாக்கி என்றால் அதை ஆன்லைனில் எடுக்க முடியாது. இந்தப் பாடத்தைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளி வைத்து மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பதிவு செய்யும் முன் உங்கள் டிஎஸ்ஓ-விடம் (கல்லூரியில் விசா மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி) ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வையுங்கள். எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு முழுநேரக் கட்டாயம் கிடையாது.

‘வாக்காளராகப் பதிவு செய்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புக’ என்று அசைன்மென்ட் வந்திருக்கிறது. நான் குடிமகன் இல்லை. என்ன செய்ய?

செய்யாதீர்கள். தயவுசெய்து இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். விசாவில் இருந்தாலும் கிரீன் கார்டில் இருந்தாலும் மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம். பதிவுப் படிவத்தில் ‘குடிமகன்’ என்ற கட்டத்தில் டிக் செய்வதே பின்னாளில் கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் பெரிய சிக்கல் ஆகும். மார்க்குக்காகச் செய்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

புரொபசருக்கு இரண்டு வரி எழுதினால் போதும்: ‘நான் அமெரிக்கக் குடிமகன் அல்ல, சட்டப்படி பதிவு செய்ய முடியாது. மாற்று வேலை தர முடியுமா?’ என் மாணவி ஒருத்தி கேட்டபோது, தன் கவுன்ட்டியில் வாக்காளர் பதிவு எப்படி நடக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். எளிதாக முடித்தாள். தேர்தல் நன்கொடையும் அப்படித்தான்: கிரீன் கார்டு இருப்பவர் கொடுக்கலாம், எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர் கொடுக்கக் கூடாது. காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவது, அவர் அலுவலகத்தில் உதவி கேட்பது, நகராட்சிக் கூட்டத்தில் போய்ப் பேசுவது எல்லாவற்றுக்கும் விசா தடையில்லை. அந்தப் பகுதியில் வாழ்பவர் என்பதே போதும்.

என் மகள் பதினோராம் வகுப்பு. இப்போதே எடுக்கலாமா? இல்லை ஏபி, கிளெப் எழுதலாமா?

மூன்றும் வழிதான். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிக் கோர்ஸாக, அதாவது டூயல் கிரெடிட்டாக எடுத்தால் அந்த கிரேடு அவளுடைய கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும், பதினாறு வயதில் வாங்கிய சி-யும் சேர்த்து. தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளை என்றால் மட்டும் ஆன்லைனில் விடுங்கள். ஏபி பள்ளியிலேயே ஒரு வருடம் படித்து மே மாதம் எழுதுவது. கிளெப் கோர்ஸ் எடுக்காமலே கிரெடிட் பெற எழுதும் தேர்வு: 90 நிமிடத்தில் 100 கேள்வி, பல கல்லூரிகள் 50 என்ற ஸ்கோர் எடுத்தால் 3 கிரெடிட் கொடுக்கின்றன. ஆனால் கலிபோர்னியா, ஜார்ஜியா போன்ற இடங்களில் மாநில அரசியலமைப்பும் சேர்த்துக் கேட்பார்கள், தேசியப் பாடத்துக்கான தேர்வு மட்டும் போதாமல் போகலாம்.

ஒரு கல்லூரியில் எடுத்த கிரெடிட்டை இன்னொன்று ஏற்குமா?

அதே மாநிலத்து அரசுக் கல்லூரிகளுக்குள் பெரும்பாலும் ஏற்கும். மாநிலம் மாறினால் கேட்டுவிட்டு எடுங்கள். சேரப் போகும் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்குக் கோர்ஸ் எண்ணையும் சிலபஸையும் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

மூன்று வாரம் பின்தங்கிவிட்டேன். விட்டுவிடவா?

முதலில் காலண்டரைப் பாருங்கள். தொடக்க நாட்களில் ‘டிராப்’ செய்தால் பதிவில் தடயமே இருக்காது. அதற்குப் பிறகு ‘வித்ட்ரா’, பதிவில் டபிள்யூ நிற்கும். மத்திய உதவித்தொகை வாங்குபவர் எல்லாக் கோர்ஸையும் பருவத்தின் 60 சதவீதம் முடிவதற்குள் விட்டுவிட்டால், பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரலாம். எஃப்-1 மாணவர் டிஎஸ்ஓ-விடம் கேட்காமல் எதையும் விடக் கூடாது.

ஆனால் அதற்கு முன்னால் புரொபசருக்கு எழுதுங்கள். நம்மவர்கள் வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடுகிறார்கள். ஆன்லைனில் உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதாவிட்டால் உங்களுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. எந்த அசைன்மென்ட்கள் விட்டுப்போயின, எந்தத் தேதிக்குள் கொடுப்பீர்கள் என்று எழுதினால் பாதிப் பேருக்காவது வழி கிடைத்திருக்கிறது.

வகுப்பு தொடங்க இன்னும் ஒரு வாரம். என்ன செய்யட்டும்?

அரசியலமைப்பை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். 1787-இல் பிலடெல்பியாவில் 39 பேர் கையெழுத்திட்ட மூலம் சுமார் 4,500 சொற்கள், ஏழே பிரிவுகள். 27 திருத்தங்களையும் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடியும். 395 பிரிவுகளோடு பிறந்த நம் அரசியலமைப்பைப் பார்த்தவர்களுக்கு இது கைக்குட்டை அளவு. ஏறக்குறைய பாதி, காங்கிரஸைப் பற்றிய முதல் பிரிவே. எழுதியவர்கள் எதை முக்கியம் என்று நினைத்தார்கள் என்பது அந்த நீளத்திலேயே தெரியும்.

பிறகு உங்கள் வீட்டு முகவரியைப் பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 435 பேரில் உங்கள் பகுதிக்கு உரியவர் யார், தொகுதி (டிஸ்டிரிக்ட்) எண் என்ன என்று வரும். அவர் பெயர், உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், கவர்னர் என்று நான்கு பெயர்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. தேர்தல் முடிந்ததும் என் சின்ன மகள்தான் அதில் பெயரை மாற்றி எழுதுகிறாள்.